பி100 வடிகட்டி பொருத்திய பாதிமுகக் கவசம்: வெல்டிங் பட்டறையில் எட்டு மாதங்கள்

கோவையில் கேட்டும் கிரில்லும் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். துத்தநாக முலாம் பூசிய ஜிஐ பைப்புகளைப் பற்றவைத்த நாட்களில், வீடு திரும்பிய சில மணி நேரத்தில் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வருவது, நாக்கில் உலோகச் சுவை தங்குவது, ஓரிரு நாளில் எல்லாம் தானாக அடங்கிவிடுவது ஆகியவை எங்களுக்குப் பழகிப்போயிருந்தன. உடல் சூடு என்றே நினைத்திருந்தோம். இது துத்தநாக ஆக்சைடைச் சுவாசிப்பதால் வரும் உலோகப் புகைக் காய்ச்சல் என்று மருத்துவர் ஒருவர் விளக்கிய பிறகுதான், மூக்கையும் வாயையும் மூடும் இந்தக் கவசத்தை வாங்கினேன்.

இரும்பு உருக ஏறத்தாழ 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகி, காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து வெண்புகையாக எழுகிறது. அந்தப் புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவானவை என்பதால், நாங்கள் இத்தனை ஆண்டுகள் மூக்கில் கட்டிக்கொண்டிருந்த கைக்குட்டையை எளிதாகக் கடந்து நுரையீரலின் காற்றறைகள் வரை சென்றுவிடுகின்றன. வேலை முடிந்ததும் பால் குடித்தால் போதும் என்ற நம்பிக்கை எங்கள் பட்டறையிலும் உண்டு. பால் வயிற்றுக்குத்தான் போகிறது. துகள் தங்குவது நுரையீரலில்.

பி100 என்னும் தரம், 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 99.97 விழுக்காட்டைத் தடுக்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. இந்த எட்டு மாதங்களில் எனக்கு ஒரு முறைகூட அந்தக் காய்ச்சல் வரவில்லை. முன்பெல்லாம் ஞாயிறு விடுமுறைக்குப் பின் திங்கள் இரவில்தான் அது கடுமையாக வரும். தொடர்ந்து புகையில் இருக்கும் உடல் ஓரளவு தாங்கிப் பழகுவதும், சிறிய இடைவெளியிலேயே அந்தத் தாங்குதிறன் போய்விடுவதுமே அதற்குக் காரணம். எங்களுடன் வேலை செய்யும் தம்பி ஒருவருக்கு மட்டும், இதே கவசம் அணிந்தும் காய்ச்சல் வந்தது. அவர் தாடி வைத்திருந்தார். ரப்பர் விளிம்பு தோலில் படியாமல் இடுக்கு வழியாகப் புகை நுழைந்திருக்கிறது. அணிந்தவுடன் இரு வடிகட்டிகளையும் உள்ளங்கையால் மூடி மூச்சை இழுத்தால், கவசம் முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்யாவிட்டால் கொடுத்த பணம் வீண்.

குறைகளும் உண்டு. சித்திரை வெயிலில் உள்ளே வியர்வை தேங்குகிறது. பேசினால் எதிரில் இருப்பவருக்குப் புரிவதில்லை. தீப்பொறி பட்டு ஒரு வடிகட்டியில் ஓட்டை விழுந்து, உடனே மாற்ற வேண்டியிருந்தது. வடிகட்டியைக் கழுவவோ கம்ப்ரசர் காற்றால் ஊதவோ கூடாது. மூச்சு இழுப்பது கடினமானால் புதியது போட வேண்டும். மிக முக்கியமாக, இது துகளைத்தான் தடுக்கும், வாயுக்களைத் தடுக்காது. ஆக்சிஜன் குறைந்த தொட்டிக்குள் இதை நம்பி இறங்குவது உயிருக்கே ஆபத்து.

காய்ச்சல் ஓரிரு நாளில் போய்விடுகிறதே என்று விட்டுவிட முடியாது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலுள்ள மாங்கனீசு நீண்ட காலத்தில் நரம்புகளைப் பாதிக்கும். ஆகவே பற்றவைக்கும் இடத்தில் முலாமை முதலில் கிரைண்டரால் நீக்கிவிட்டு, புகையை வெளியே இழுக்கும் விசிறியையும் வைத்த பிறகே, கவசத்துடன் பற்றவைக்கிறோம். முலாமை நீக்கும்போது தூசி பறப்பதால், அப்போதும் கவசம் முகத்தில்தான் இருக்கிறது.

வடிகட்டியுடன் சேர்த்து எங்கள் வெல்டரின் இரண்டு நாள் கூலிக்குச் சற்று மேல் செலவானது. அது தகும் என்பதே என் முடிவு. எனக்கு நடுத்தர அளவு பொருந்தியது, ஒடுங்கிய முகம் கொண்டவர்களுக்குச் சிறிய அளவு தேவைப்படும். அணிந்து பார்க்க அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.