கப்பலா, தெலுக் பாத்தேக்கா?

விடுமுறைக்கு மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து காரெடுத்தால் இரண்டு மணி நேரத்தில் லூமுட், தெலுக் பாத்தேக் கடற்கரை. உல்லாசக் கப்பலுக்கோ சிங்கப்பூர் வரை ஓட வேண்டும். கூத்து என்னவென்றால், அங்கே போய் ஏறிய கப்பல் எங்களைப் பினாங்கில் கொண்டுவந்து நிறுத்தியது; வீட்டுக்குக் கிட்டே!

மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். இரண்டு பயணமும் போய்ப் பார்த்தாகிவிட்டது.

செலவில் பேச்சே இல்லை, தெலுக் பாத்தேக்தான். வாடகை வீட்டுக்கு அவன் தட்டும் தலையணையும் கூடவே வரும். சரிப்படவில்லையா, திரும்பிவிடலாம். ஒருமுறை பக்கத்து வீட்டுக் கரோக்கே தாங்காமல் ராத்திரி பதினொரு மணிக்குக் கிளம்பியிருக்கிறோம். நடுக்கடலில் அது நடக்குமா?

ஆனால் கப்பலில் ஊர்தான் மாறுகிறது, படுக்கை மாறுவதில்லை. பெட்டியை ஒரே தடவை பிரித்தால் போதும். எங்கள் கதவு இடப்பக்கம் பதினேழாவது. இரண்டாம் நாளே அவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தான். எதைக் கண்டாலும் மேலே ஏறுகிற பிள்ளை என்பதால் பால்கனி அறை வேண்டாம் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். ஜன்னலில்லாத உள்ளறை விலையும் குறைவு, விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. வீட்டில் ஐந்து மணிக்கு எழுப்பிவிடுகிறவன் அங்கே ஏழு வரை தூங்கினான்.

படுத்தியது அபாயச் சங்கு: ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. பாதுகாப்பு விளக்கத்தைப் பல கப்பல்களில் இப்போது கைப்பேசியிலோ அறை டிவியிலோ பார்த்துக்கொள்ளலாம்; சங்குக்குக் காது மூடிதான் வழி. சாப்பாட்டுக் கூடத்துக்குக் கதவு திறக்கும்போதே போய்விடுவோம், பிந்தினால் தட்டுச் சத்தம் ஆகாது. ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்களில் முன்கூட்டியே சொன்னால் வரிசையில் காக்க வைக்காமல் ஏற்றுகிறார்கள். சிறுவர் மன்றத்தில் வயதைப் பார்க்காமல் பிள்ளையின் திறனைப் பார்த்துக் குழுவில் சேர்ப்பதும் உண்டு.

பினாங்கில் எல்லாரும் இறங்கிப் போக, நாங்கள் இறங்கவில்லை. நீச்சல் குளம் காலி. இரண்டு மணி நேரம் அவனும் தண்ணீரும்தான்.

சத்தத்துக்கு மிரண்டு ஓடுகிற பிள்ளை என்றால் முதலில் தெலுக் பாத்தேக். இடம் மாறினால் தூக்கம் கெடுகிற பிள்ளை என்றால் கப்பலுக்குச் சேர்த்து வைக்கலாம். நாங்கள் அடுத்த கப்பலுக்குக் கூட்டு (சீட்டுப் பணம்) கட்ட ஆரம்பித்துவிட்டோம். அவனோ, வீட்டு வாசலில் நின்று பதினேழாவது கதவைத் தேடிக்கொண்டிருக்கிறான்.