'இஸ்பவுஸ்' பாடத்தை வைத்து ஒரு காரைக்குடி ஆங்கில வகுப்பு

போட்டித் தேர்வுக்கும் மேற்படிப்பு விண்ணப்பத்துக்கும் ஆங்கிலம் எழுதப் பழகுகிறவர்களுக்காகச் செக்காலைப் பக்கம் ஒரு மாடியில் நடக்கிற மாலை வகுப்பு இது. ஒரு நாளைக்கு ஒரே வினைச்சொல். 'இஸ்பவுஸ்' (espouse) என்ற வினையின் பாடம் ஒன்றே வகுப்பின் தரத்தைச் சொல்லிவிடும்.

ஒரு கொள்கையை ஏற்று அதற்காக ஊரறியப் பேசி நிற்பது என்று பொருள் சொன்ன கையோடு, அந்த வினைக்குப் பின்னால் எது வரலாம், எது வரக்கூடாது என்பதற்குப் போய்விடுகிறார்கள். கொள்கை, கோட்பாடு, இயக்கம் வரலாம். ஆள் வேண்டாம். 'மணந்துகொள்வது' என்பது இதன் பழைய பொருள் என்பதால், வேட்பாளரை 'இஸ்பவுஸ்' செய்ததாக எழுதினால் கல்யாணச் செய்தியாகிவிடும். அங்கே, ஆதரிப்பதைச் சொல்லும் 'என்டார்ஸ்' (endorse) போட வேண்டும். பிள்ளைகள் அதிகம் சறுக்குவது பின்னால் 'ஃபார்' சேர்ப்பதில். தமிழில் 'அதற்காக' என்று நினைத்து எழுதுவதால் வருகிற பிழை அது. இந்த வினை செயப்படுபொருளை நேராக எடுக்கும். 'தட்' (that) போட்டு ஒரு முழு வாக்கியத்தைப் பின்னால் நீட்டவும் முடியாது.

உதாரணங்கள் நம் வட்டாரத்தவை, அதுதான் இங்கே அருமை. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழ் இசைக்காகக் குரல் கொடுத்ததும், 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்ததும் தெரிந்த பிள்ளைக்கு 'ஹி இஸ்பவுஸ்டு தி காஸ் ஆஃப் தமிழ் மியூசிக்' உடனே பிடிபடும். வள்ளல் அழகப்பர் 1947-ல் கல்லூரி தொடங்கியதைச் சொல்ல 'ஃபவுண்டட்'. பொருள் கொடுத்ததற்கு 'டொனேட்டட்'. எல்லோருக்கும் கல்வி என்ற எண்ணத்தை அவர் முன்னிறுத்தியதாக எழுதும்போதுதான் நம் வினைக்கு வேலை. கொடையையும் கொள்கையையும் இப்படிப் பிரித்துக் காட்டும் பாடம் அபூர்வம்.

குறை, அச்சிட்டுக் கொடுக்கிற தாளில். உச்சரிப்பை 'எ'-வில் தொடங்கியிருக்கிறார்கள். 'இ' தான் சரி. கடைசி ஒலி இசட்: தொண்டையில் விரல் வைத்தால் அதிர வேண்டும். இல்லாவிட்டால் வாழ்க்கைத்துணையைக் குறிக்கும் 'ஸ்பவுஸ்' போலக் கேட்கும்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இது தலையங்கத்துக்கும் கட்டுரைக்குமான சொல். நேர்முகத் தேர்வில் 'ஐ இஸ்பவுஸ் ஹானஸ்டி' என்றால் விறைப்பாக இருக்கும். 'ஐ பிலீவ் இன்' போதும். வகுப்பில் இதைத் தொடவேயில்லை, நேர்முகத்துக்குத் தயாராகிறவர்கள்தான் அங்கே அதிகம்.

செயப்படுபொருள் எது என்று அடையாளம் காணத் தெரியாதவர்கள் அடிப்படை இலக்கணத்தை முடித்துவிட்டுச் சேரலாம். மற்றவர்கள் தயங்காமல் போகலாம், தாளிலுள்ள உச்சரிப்பை மட்டும் அகராதியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.