போனில் கேட்பதா, நேரில் போய் உட்காருவதா?

மனநலத்துக்காகத் தன்னார்வலராக ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்கு இங்கே பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளைக் கேட்கலாம், மறுவாழ்வு இல்லத்துக்குப் போய் அங்கிருப்பவர்களோடு நேரம் செலவிடலாம், அல்லது சொந்தத் தெருவிலேயே ஒருவருக்குத் துணையாக நிற்கலாம்.

முதல் வழிக்குச் சென்னையின் சினேகாவைச் சொல்லலாம். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையம் அது. தன்னார்வலர்களை நம்பி நடப்பது. இந்த வேலைக்குப் பட்டத்தைவிட முக்கியம், அறிவுரை சொல்லாமல் இருப்பது. நம்மவர்களுக்கு அதுதான் கஷ்டம். "கடன் தாங்க முடியலைங்க" என்று ஒருவர் ஆரம்பித்தால், முடிப்பதற்குள் "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிடுவோம். அதோடு அவர் வாயடைத்துப் போவார். இந்தப் பழக்கத்தை விடுவதற்குத்தான் பயிற்சி. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கவும் பழக வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்பட வேண்டியதில்லை. கனிவாகக் கேட்டால் பலருக்குப் பாரம் இறங்கும். ஆனால் போனை வைத்த பிறகு அவருக்கு என்ன ஆனது என்பது பெரும்பாலும் தெரியவே தெரியாது. அதைத் தாங்க முடியாதவர்களுக்கு இது ஒத்துவராது.

இரண்டாவது வழியில் ஆளைக் கண்ணால் பார்க்கிறோம். மனநல மருத்துவர் சாரதா மேனன் மனச்சிதைவு நோயாளிகளுக்காக 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப், மனநோயோடு தெருவில் விடப்பட்ட பெண்களுக்காக 1993-இல் தொடங்கிய பான்யன் என்று சென்னையில் பெயர் பெற்ற அமைப்புகள் உண்டு. இத்தகைய இடங்களில் நமக்குக் கிடைக்கும் வேலை வெளியிலிருந்து பார்த்தால் சின்னதாகத் தெரியும்: ஒருவரோடு கடைக்குப் போய், அவரே சோப்பு கேட்டு, காசு கொடுத்து, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கும்வரை அவசரப்படாமல் பக்கத்தில் நிற்பது. நோயின் வேகத்தில் வருடக்கணக்கில் இதெல்லாம் விட்டுப்போனவருக்கு அது பெரிய விஷயம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட்டு, படம் எடுத்துக்கொண்டு போவதில் அவர்களுக்குப் பயனில்லை. வாரம் தவறாமல் வர முடியாதென்றால் நிதி கொடுப்பதே நல்லது.

மூன்றாவதைத்தான் நான் அதிகம் பேருக்குச் சொல்வேன். சிறிய ஊர்களில் மற்ற இரண்டும் கைக்கெட்டாது என்பது ஒரு காரணம். இதற்குப் பலன் உண்டு என்பது இன்னொரு காரணம். தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில் லட்சுமி விஜயகுமார் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள், 2017-இல் வெளியானது. முகாமைச் சேர்ந்தவர்களுக்கே பயிற்சி கொடுத்து, தற்கொலை ஆபத்தில் இருப்பவர்களை அடிக்கடி போய்ப் பார்க்க வைத்தார்கள். நெருக்கடி வந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்பதை அவர்களோடு சேர்ந்து ஓர் அட்டையில் குறித்துவைத்தார்கள். இப்படிச் செய்த முகாமில் தற்கொலை முயற்சிகள் குறைந்தன.

ஆனால் தெரிந்தவர் என்பதே இங்கே சிக்கலும்கூட. ஊர் வாயை மூட முடியாது. அந்த வீட்டுக்கு ஏன் போனாய் என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். "சும்மா பார்க்கப் போனேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரக் கூடாது. சொந்தத் தங்கச்சியிடமும் சொல்லக் கூடாது. வாய் நிற்காதவர்கள் முதல் இரண்டில் ஒன்றைப் பார்ப்பது நல்லது.

மூன்றிலும் மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ சொல்வது நம் வேலையில்லை. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரோடு போய் வரிசையில் நிற்கலாம். பேச ஆள் தேவைப்படும் எந்த நேரத்திலும் 14416-ஐ அழைக்கலாம். அது 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 108-ஐ அழைத்துவிட்டு, ஆள் வரும்வரை அவரைத் தனியே விடாதீர்கள்.