குழியா, பவுசரா, குழாயா? யாழ்ப்பாணத்து வீட்டுக் கழிவுக்கு எது பொருந்தும்?

எங்கள் வளவில் மலசலகூடக் குழி வெட்டிய அன்று, மேசன் அண்ணை இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். கல்வெடிப்புக்குள் மளமளவென்று இறங்கிவிட்டது. "நல்ல குழி, இருபது வருசத்துக்கும் நிரம்பாது" என்றார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். இறங்கிய தண்ணீர் எங்கே போகும் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். எங்களுக்கு ஆறு என்றால் சுண்ணக்கல்லுக்குள் நகரும் நிலத்தடி நீர்தான். கீரிமலையில் கடலை ஒட்டி நன்னீர் ஊறி வருவதைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஆகவே இங்கே கேட்கவேண்டிய கேள்வி, கழிவு கிணற்றுக்குப் போகிறதா என்பதுதான்.

முதலில் குழி. செலவு குறைவு, பராமரிப்பும் இல்லை. ஆனால் சிறுநீரில் உள்ள நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறி, எதிலும் ஒட்டாமல் தண்ணீரோடு கீழே போய்விடும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் நைத்திரேற்றுக்கு எல்லை; கூடினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கிருமி கொதிக்க வைத்தால் சாகும். நைத்திரேற்று சாகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கொதித்தாறிய கிணற்றுத் தண்ணீரில் குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தாய்மாருக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி விட்டால் போதும் என்பார்கள். 2 பரப்புக் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 74 அடி. உங்கள் குழியை நீங்கள் தள்ளி வைத்தாலும் பக்கத்து வீட்டுக் குழி மதிலுக்கு அந்தப் பக்கம் உங்கள் கிணற்றோடு ஒட்டி இருக்கும். வெடிப்பு விழுந்த கல்லில் 50 அடி என்பதும் பெரிய தூரம் இல்லை.

அடுத்தது, அடியும் பக்கமும் பூசிய தாங்கி, அதை உறிஞ்சி ஏற்ற பவுசர் வண்டி, பவுசர் கொண்டுபோகும் கழிவைச் சுத்திகரிக்க ஒரு நிலையம். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தாங்கி கட்டிவிட்டு, வழியும் நீரைப் பக்கத்தில் உறிஞ்சு குழிக்குள் விட்டால், மண்டி மட்டும்தான் நிற்கும்; நைத்திரேற்று பழையபடி இறங்கும். வழியும் நீரைச் சல்லி நிரப்பிய, அடி பூசிய பாத்திக்குள் விட்டுக் கல்வாழை நடலாம். ஒரு பங்கையாவது செடி எடுத்துக்கொள்ளும். அப்புறம், பவுசர் எங்கே ஊற்றுகிறது? வெளியான தரவைக்குள் ஊற்றினால் உங்கள் வீட்டுக் கழிவு இன்னொருவர் கிணற்றுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது, தெருவெல்லாம் குழாய் போட்டு ஊருக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம். நைத்திரேற்றை உண்மையில் அழிப்பது இதுதான்: காற்றூட்டிய தொட்டியில் அமோனியாவை நைத்திரேற்றாக்கி, காற்றில்லாத தொட்டியில் அதை நைதரசன் வாயுவாக்கி வெளியே விடலாம். ஆனால் தட்டையான நிலம், கழிவு தானாக ஓடாது, பம்பு வேண்டும். கல்லை உடைத்துத்தான் குழாய் தாழ்க்க வேண்டும். கரண்ட் நின்றால் பம்பும் நிற்கும். சுத்திகரித்த நீரை ஆழமில்லாத கடல்நீரேரிக்குள் விடுவதைவிடத் தோட்டத்துக்குக் கொடுப்பதே நல்லது.

2024இல் வடமராட்சி கிழக்கில் திறந்த தாளையடி நிலையம் கடல்நீரிலிருந்து நாளுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் எடுக்கக்கூடியது. குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வந்தால் வெளியேறும் கழிவுநீரும் கூடும். வருகிற குழாய்க்குக் காட்டிய அக்கறையைப் போகிற குழாய்க்கும் காட்டியிருக்க வேண்டும்.

என் தெரிவு இது: வீடும் கடையும் நெருங்கிய நகரப்பகுதிக்குக் குழாய்தான், செலவானாலும் வேறு வழியில்லை. சுற்றுப்புற ஊர்களுக்குத் தாங்கியும் பவுசரும் போதும், ஆனால் நிலையம் முதலில், பவுசர் பிறகு. கோண்டாவில், இணுவில் போன்ற தோட்டப் பக்கங்களில் நைத்திரேற்றாக மாறும் யூரியா உரத்தையும் குறைக்காவிட்டால் எந்தத் தாங்கியாலும் கிணறு தெளியாது. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் அதுவரை குழியின் அடியையும் பக்கத்தையும் கொங்கிறீற் போட்டுப் பூசிவிடுங்கள். சீக்கிரம் நிரம்பும், பவுசருக்குக் காசு போகும். நிரம்புகிற குழிதான் நல்ல குழி.