தெளிவுக் கனவுப் பயிற்சி: நீண்ட காலம் செய்து பார்த்ததில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘இது கனவு’ என்று தெரிந்துவிடுவதுதான் லூசிட் ட்ரீமிங், தமிழில் தெளிவுக் கனவு. உள்ளே நுழைவது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். நுழைந்த புதியவர்களில் பலர் சீக்கிரமே விழித்துக்கொள்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை. பயிற்சியின் உழைப்பெல்லாம் அந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது.

முதலில் நுழைவு. ஸ்டான்ஃபோர்டில் தூக்க ஆய்வாளர் ஸ்டீபன் லபெர்ஜ் வகுத்த மைல்ட் முறையும் (கனவைக் கண்டுகொள்வேன் என்ற எண்ணத்தோடு தூங்கும் MILD), நடுவில் எழுந்து மறுபடி படுப்பதும் சேர்ந்ததுதான் இன்றுவரை நம்பகமான வழி. கனவு செறிந்த, கண்கள் வேகமாக அசையும் ரெம் தூக்கம் இரவின் பின்பாதியில்தான் நீளும். 10:30-க்குப் படுத்தால் 4 மணிக்கு அலாரம். எழுந்ததும் அசையாமல் கிடந்து, அப்போது கண்ட கனவைப் பின்னாலிருந்து முன்னால் நினைவுபடுத்தி, மங்கலான வெளிச்சத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். போன் திரை வேண்டாம். பத்து நிமிடம் விழித்திருந்தால் போதும். மறுபடி படுத்ததும் அந்தக் கனவையே மனதில் ஓட்டி, அதில் வந்த விபரீதமான இடத்தில் ‘ஆ, இது கனவு’ என்று கண்டுகொள்வதாகப் பார்க்க வேண்டும். பிறகு ‘அடுத்து கனவு வரும்போது கனவு என்று ஞாபகம் வரும்’ என்ற வாக்கியத்தோடு தூங்கிவிட வேண்டும். வாக்கியத்தை மந்திரம்போல் உருப்போட்டால் பலிக்காது, ஒவ்வொரு முறையும் அதை நிஜமாகவே நினைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஆய்வாளர் டென்ஹோம் ஆஸ்பி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி முடித்த 5 நிமிடத்துக்குள் தூங்கியவர்களுக்குக் கிட்டத்தட்டப் பாதி முயற்சிகள் பலித்திருந்தன. இரவு முழுக்க விழித்து முயல்வது வீண் என்பதற்கு இதுவே போதும். தினமும் 5 மணிக்கே எழுபவர்கள் கடைசி ரெம் கட்டத்தை இழக்கிறார்கள். அவர்கள் விடுமுறை நாளில் செய்வதே மேல்.

இனி நிலைத்திருப்பது. கனவு என்று தெரிந்த கணத்தில் நெஞ்சு படபடக்கும், அந்தப் பரபரப்பே எழுப்பிவிடும். அப்போது பறக்கவோ கத்தவோ போகக் கூடாது. நின்ற இடத்திலேயே கனவின் இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தித் தேய்க்க வேண்டும். சூடு ஏறுகிறதா, ரேகைகள் உரசுகின்றனவா என்று கவனிக்க வேண்டும். அடுத்து பக்கத்துச் சுவரையோ தரையையோ தொட்டு, சொரசொரப்பா வழவழப்பா என்று பார்க்க வேண்டும். கவனம் கனவு உடம்பின் தொடுவுணர்வில் நிறைந்திருக்கும்வரை, கட்டிலில் கிடக்கும் உடம்பின் பக்கம் அது திரும்பாது. ‘நான் இப்போது படுக்கையில் கிடக்கிறேனே’ என்ற ஒரே நினைப்பு ஆட்டத்தைக் கலைத்துவிடும்.

கனவு கலையும்போது முதலில் போவது காட்சி. நிறம் வெளுக்கும், ஓரங்கள் கரையும். தொடுவுணர்வு இன்னும் கொஞ்சம் தாங்கும். அந்த இடைவெளியில் கைகளை விரித்து, நின்ற இடத்தில் பம்பரமாகச் சுற்ற வேண்டும். லபெர்ஜ் குழுவின் சோதனைகளில், போகிற போக்கில் விட்டவர்களைவிடச் சுற்றியவர்களும் கை தேய்த்தவர்களும் வெகுவாக அதிகம் நீடித்தார்கள். சுற்றுவதில் ஒரு கண்ணி உண்டு. நிற்கும்போது காட்சி மாறியிருக்கும், அது பெரும்பாலும் உங்கள் சொந்த அறையாகவே இருக்கும். எழுந்துவிட்டோம் என்று ஏமாந்து, பல் துலக்கவே போய்விடுவார்கள். அதனால் சுற்றும்போதே ‘அடுத்து வருவதும் கனவுதான்’ என்று சொல்லிக்கொள்ள வேண்டும். விழித்ததாகத் தோன்றும் ஒவ்வொரு முறையும் மூக்கை இறுகப் பிடித்து மூச்சிழுத்துப் பார்க்க வேண்டும். மூக்கைப் பிடித்தும் மூச்சு தடையின்றி வந்தால் இன்னும் கனவுக்குள்தான் இருக்கிறீர்கள். கனவில் கண்ணை மூடுவதும் ஒரே பொருளை வெறித்துப் பார்ப்பதும் பெரும்பாலும் விழிப்பில்தான் முடியும்.

விழிப்பதைத் தவிர இன்னொரு இழப்பும் உண்டு: கனவு தொடரும், தெளிவு போய்விடும். கதை உங்களை இழுத்துக்கொள்ளும், பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பீர்கள். கதவு ஒன்றைக் கடக்கும்போதெல்லாம் ‘இது கனவு’ என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் இதற்கு நன்றாக உதவுகிறது.

நிஜமாகவே விழித்துவிட்டால் கண்ணைத் திறக்காதீர்கள், விரலைக்கூட அசைக்காதீர்கள். கை தேய்க்கும் உணர்வை மட்டும் நினைத்துக்கொண்டு ஒரு நிமிடம் கிடந்தால் பல நேரம் மறுபடி உள்ளே போகலாம். இந்த நேரத்தில் உடம்பு அசையாமல், மார்பில் பாரம் ஏறியதுபோல் இருக்கலாம். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பது இதைத்தான். ரெம் தூக்கத்தில் தசைகள் செயலற்றிருப்பது விழிப்பிலும் சற்று நீள்வதால் வருவது, தானே விலகிவிடும்.

ரெம் தூக்கத்தில் அந்த முடக்கத்துக்குத் தப்பியவை கண்கள். 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் கீத் ஹெர்ன் இதைத்தான் பயன்படுத்தினார். முன்பே பேசிவைத்தபடி, சோதனையில் தூங்கிய ஆலன் வொர்ஸ்லி கனவுக்குள்ளிருந்து இடவலமாகக் கண்ணசைத்தார், கருவி அதைப் பதிவு செய்தது. 2021-இல் வெளியான ஆய்வில், எட்டில் ஆறு போனால் எவ்வளவு என்று கேட்டதற்குத் தூங்கிக்கொண்டிருந்தவர் இரண்டு முறை கண்ணசைத்துப் பதில் சொன்னார். விழிப்பில் வாங்கிக்கொண்ட வேலை கனவுக்குள் நினைவிருக்கிறது என்பதுதான் பயிற்சி செய்பவருக்கு இதில் முக்கியம்.

ஆகவே ஒரே ஒரு வேலையோடு உள்ளே போங்கள், மூன்று நான்கு சொல்லில் அடங்க வேண்டும். ‘பந்தை வளையத்தில் போடு’ நல்ல வேலை. ‘என்னைப் பற்றித் தெரிந்துகொள்’ உள்ளே போனதும் மறந்துவிடும். ஆய்வாளர்கள் எர்லாகரும் ஷ்ரெட்லும் 2010-இல் நடத்திய சிறிய ஆய்வில், கனவில் காசைக் கோப்பைக்குள் எறிந்து பழகியவர்கள் காலையில் குறி தேறியிருந்தார்கள். ஏற்கெனவே கைவந்த அசைவைக் கூர்மையாக்கத்தான் இந்த வழி ஏற்றது. தெரியாத வித்தையைக் கனவு கற்றுத் தராது. துரத்தும் கெட்ட கனவில், திரும்பி நின்று ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்பதுதான் நான் மிக மதிக்கும் பயன்பாடு. உருவம் சுருங்கும் அல்லது பேசும், பயம் பல நாளுக்குக் குறையும். ஆனால் கனவு மாந்தர் சொல்வதைத் தகவலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எளிய கணக்கிலேயே தடுமாறுகிறார்கள்.

‘இது கனவு’ என்று உணர்த்த தூக்கத்தில் வெளிச்சம் மினுக்கும் கண்பட்டைகள் எழுப்பிவிடுவதே அதிகம். நினைவூட்டும் செயலிகள் ஒரு வாரத்தில் வெறும் சத்தமாகிவிடும். கேலன்டமின் மாத்திரையில் பலன் இருக்கிறது: 2018-இல் வெளியான ஆய்வில் வெற்று மாத்திரையோடு 14 சதவீதம் பேருக்கும், 8 மில்லிகிராமோடு 42 சதவீதம் பேருக்கும் தெளிவுக் கனவு வந்தது. ஆனால் அது அல்சைமர் நோய்க்கான மருந்து. குமட்டல் வரும், நாடித்துடிப்பு குறையலாம். மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

வாரம் இரண்டு இரவுக்கு மேல் அலாரம் வைத்தால் பகல் தூக்கத்தில் போகும், கனவு நினைவும் மங்கும். பைபோலார், மனச்சிதைவு போன்றவை இருப்பவர்களும், தூக்கம் ஏற்கெனவே கெட்டிருப்பவர்களும் இதில் இறங்கக் கூடாது.