பழைய செவி பிக்கப்புக்கு ஹைட்ரோபூஸ்ட் பிரேக்: கிட் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1973 முதல் 1987 வரை வந்த செவர்லே சி/கே பிக்கப்புகளை அமெரிக்காவில் இன்றும் வேலைக்கு ஓட்டுகிறார்கள். அவற்றில் எஞ்சினின் வெற்றிட இழுப்பைக் கொண்டு பிரேக் மிதிக்கு உதவும் வேக்குவம் பூஸ்டரைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தத்தால் உதவும் பென்டிக்ஸ் ஹைட்ரோபூஸ்ட் போடலாமா என்றால், ட்ரெய்லர் இழுப்பவர்களும் 35 அங்குல டயர் போட்டவர்களும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். பூஸ்டர் நல்ல சாமான். காசைத் தின்பதும் ஆளைப் படுத்துவதும் அதைச் சுற்றி ஓடும் ஹோஸ்களும், அதற்கு ஆயில் தள்ளும் பம்பும்தான். கிட்டுக்கு மதிப்பெண் போடுவதானால் அந்த இரண்டையும் பார்த்துத்தான் போட வேண்டும்.

வேக்குவம் பூஸ்டர் எங்கே தோற்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. அதற்குள் இருக்கும் 11 அங்குல டயஃப்ரத்தின் (ரப்பர் தடுப்பின்) பரப்பு சுமார் 95 சதுர அங்குலம். எஞ்சின் 20 அங்குலம் (பாதரச அளவில்) வேக்குவம் கொடுத்தால் அது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 9.8 பவுண்டு, மொத்த உதவி 930 பவுண்டு அளவில் நிற்கும். பெரிய கேம்ஷாஃப்ட் போட்டு வேக்குவம் 10 அங்குலத்துக்கு இறங்கினால் அதில் பாதிதான் மிஞ்சும். மலை ஏறினாலும் குறையும். டீசல் எஞ்சினில் த்ராட்டில் பிளேட்டே இல்லாததால், தனியாக பம்ப் வைத்தால் ஒழிய வேக்குவமே கிடைக்காது. ஹைட்ரோபூஸ்ட் பவர் ஸ்டீயரிங் பம்பின் ஆயில் அழுத்தத்தை எடுத்துக்கொள்கிறது. அங்கே புழங்குவது ஆயிரம் பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டுக்கு) மேல். அதனால்தான் இவ்வளவு சிறிய உடம்பில் அவ்வளவு பலம். செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம் தானே ஒரு டன் ட்ரக்குகளில் ஜேபி8 என்ற குறியீட்டில் இதைப் போட்டு விற்றது. 1996 முதல் 2004 வரை வந்த மஸ்டாங் ஜிடியிலும் இதுதான் இருந்தது.

கிட் பெட்டியைத் திறந்ததும் முதலில் எண்ண வேண்டியது ஹோஸ்களை. பம்பிலிருந்து பூஸ்டருக்கு ஒரு பிரஷர் ஹோஸ், பூஸ்டரிலிருந்து ஸ்டீயரிங் கியர் பாக்ஸுக்கு இன்னொன்று. பூஸ்டரிலிருந்தும் கியர் பாக்ஸிலிருந்தும் பம்பின் ஆயில் தொட்டியான ரிசர்வாயருக்குத் தனித்தனியாக ஒவ்வொரு ரிட்டர்ன். ஆக நான்கு. மலிவான கிட்களில் மூன்று ஹோஸும் T வடிவ ‘டீ’ இணைப்பு ஒன்றும் இருக்கும். பழைய பம்ப் ரிசர்வாயரில் ரிட்டர்ன் குழாய் ஒன்றுதான் என்பதால், இரண்டு ரிட்டர்னையும் டீயில் சேர்த்து அனுப்பச் சொல்வார்கள். அங்கேதான் வினை. ஸ்டீயரிங்கை வேகமாக ஒடிக்கும்போது கியர் பாக்ஸ் ரிட்டர்னில் அழுத்தம் எகிறி, டீ வழியாக பூஸ்டரின் ரிட்டர்னுக்குள் ஏறும். காலை எடுத்த பிறகும் பிரேக் லேசாகப் பிடித்தபடி இருக்கும், பெடல் மெதுவாகத் திரும்பும், சக்கரம் சுடும். ரிட்டர்ன் குழாய் இரண்டு உள்ள ரிசர்வாயரோ பம்போ சேர்ந்து வரும் கிட்டை, விலை கூடினாலும் வாங்குங்கள். கிட்டில் அது இல்லையென்றால் அந்த பம்பைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். டீயோடு சமாதானம் வேண்டாம்.

பம்பைப் பற்றி இன்னொரு விஷயம். இந்த ட்ரக்குகளில் உள்ள சாகினா பவர் ஸ்டீயரிங் பம்ப் தேய்ந்துபோயிருந்தால் ஸ்டீயரிங்கை மட்டும் சமாளித்துவிடும். பூஸ்டரும் சேர்ந்தால் திணறும். பார்க்கிங்கில் பிரேக்கை மிதித்தபடி ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கல்லாக இறுகும். அதன் புல்லி அழுத்திப் பொருத்தப்பட்டது. கழற்ற அதற்கென்றுள்ள புல்லரும், போட இன்ஸ்டாலரும் வேண்டும். சுத்தியலால் தட்டினால் ஷாஃப்ட்டும் பேரிங்கும் போய்விடும்.

ஃபிட்டிங் விஷயத்தில் ஆண்டைப் பார்த்து வாங்க வேண்டும். 1980க்கு முந்தைய ட்ரக்குகளில் இன்வர்டட் ஃப்ளேர் (குழாய் முனையை விரித்து இறுக்கும் வகை). அதன் பிறகு 16 மி.மீ., 18 மி.மீ. மெட்ரிக் ஓ-ரிங். பழைய கியர் பாக்ஸோடு புதிய பூஸ்டரை இணைக்கும்போது இரண்டு முனைகளிலும் வெவ்வேறு அடாப்டர் தேவைப்படும். பெரும்பாலான கிட்கள் எல்லாவற்றையும் 6 ஏஎன் (AN என்ற தர ஃபிட்டிங்) அளவுக்கு மாற்றிக் கொடுக்கின்றன. ஏஎன் ஃப்ளேர் 37 டிகிரி, சாதாரண வண்டி ஃப்ளேர் 45 டிகிரி. இரண்டையும் கலந்து எவ்வளவு முறுக்கினாலும் கசியும். டெஃப்ளான் டேப் இங்கே உதவாது. பிரஷர் பக்கத்தில் க்ளாம்ப் போட்ட ஹோஸ் எது வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். ரிட்டர்னுக்கு பவர் ஸ்டீயரிங் ரிட்டர்ன் ஹோஸ்தான் வேண்டும், பெட்ரோல் ஹோஸ் கூடாது.

பொருத்தும் வேலை பாதி நாள். பிரேக் ஆயிலை லைனுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டுகளைக் கழற்றி, பிரேக் லைனைப் பிரிக்காமலே முன்னால் இழுத்து ஒதுக்கிக்கொள்ளலாம். லைனை வளைத்து மடக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். எஞ்சினில் பழைய வேக்குவம் குழாய் இருந்த வாயை மூடி போட்டு அடைக்க வேண்டும். மறந்தால் ஐடில் தடுமாறும். பூஸ்டர் இல்லாத மேனுவல் பிரேக் வண்டியாக இருந்தால் பெடலில் ராட் மாட்டும் துளையையும் மாற்ற வேண்டும். மேனுவலுக்கு 6:1 அளவில் லீவர் விகிதம். பூஸ்டருக்கு 4:1 போதும். மேல் துளையிலேயே விட்டால் பெடல் நீளமாக இறங்கும், தொட்டாலே வண்டி குத்தி நிற்கும்.

அடுத்து மாஸ்டர் சிலிண்டர் புஷ்ராட். பிஸ்டனுக்கும் ராட் முனைக்கும் இடையே 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ராட் நீளமாகிப் போனால் பிஸ்டன் முழுவதும் பின்வாங்காது. பிரேக் ஆயில் தொட்டிக்குத் திரும்பும் காம்பன்சேட்டிங் துளை மூடியே இருக்கும். சூடு ஏற ஏற பிரேக் தானாக இறுகும். இதையும் ரிட்டர்ன் கோளாறையும் பிரித்தறிய ஒரு வழி: பிரேக் பிடித்து நிற்கும்போது மாஸ்டர் சிலிண்டர் நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். எஞ்சின் நின்ற பிறகும் பிடித்திருந்த பிரேக் அப்போது விட்டால் ராட்தான் காரணம்.

இரண்டு ஆயிலும் ஒன்றோடொன்று சேரவே கூடாது. பூஸ்டருக்குள் போவது பவர் ஸ்டீயரிங் ஆயில் (ஃபோர்டு பூஸ்டர்களுக்கு ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்); மாஸ்டர் சிலிண்டருக்கு டாட் 3 போன்ற பிரேக் ஆயில். மாறி ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப் பாழாகிவிடும், அந்த லைனில் உள்ள ரப்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். பழைய கியர் பாக்ஸில் தேங்கிய இரும்புத்தூள் பூஸ்டருக்குள் ஆயிலைத் திறந்து மூடும் ஸ்பூல் வால்வில் சிக்கினால் பெடல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் பழைய ஆயிலை முழுதும் வடித்து, கியர் பாக்ஸ் ரிட்டர்னில் காந்தம் வைத்த சிறு ஃபில்டர் ஒன்றைப் போடுங்கள். எந்த கிட்டிலும் இதைக் கட்டாயப் பொருளாகவே சேர்த்திருக்க வேண்டும்.

காற்றை எடுக்கும்போது அவசரப்படக் கூடாது. முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ரிசர்வாயரை நிரப்பி, எஞ்சின் பிடிக்காதபடி இக்னிஷனைத் துண்டித்து ஸ்டார்ட்டரை மட்டும் சில விநாடிகள் சுற்ற விடுங்கள். ஆயில் இறங்க இறங்க ஊற்றுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் திருப்பி, இடையிடையே பிரேக்கை மிதிக்க வேண்டும். கோடியில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். ஆயில் நுரைத்துப் பால் நிறமானால் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். நுரையோடு ஓட்டினால் பம்ப் முனகும், பெடல் அதிரும்.

வேலை முடிந்ததும் சோதனை. எஞ்சினை அணைத்து, பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள், எஞ்சின் நின்றாலும் சில மிதிகளுக்கு அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யுமுலேட்டர் காலியாகிவிடும். பெடலில் சுமார் 40 பவுண்டு கனம் கொடுத்தபடி எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் இறங்கி, உடனே காலைத் திருப்பித் தள்ள வேண்டும். அடுத்து ஸ்டீயரிங்கை ஒருமுறை கோடிவரை திருப்பி, எஞ்சினை அணைத்து, ஒரு மணி நேரம் கழித்து மிதித்தால் குறைந்தது இரண்டு மிதிக்காவது உதவி கிடைக்க வேண்டும். பெல்ட் அறுந்தால் ஸ்டீயரிங், பிரேக் இரண்டின் உதவியும் ஒன்றாகப் போகும். அப்போது வண்டியை ஓரங்கட்ட உதவியாக இந்தச் சேமிப்பு மட்டுமே மிஞ்சும். சோதனையில் தேறாத ரீபில்ட் பூஸ்டரை வைத்து ஓட்டாதீர்கள். அழுத்தி மிதிக்கும்போது வரும் சீறல் மட்டும் இயல்பானது.

உதவி கூடினால் லைனிலும் அழுத்தம் கூடும். நாற்பது ஆண்டு துருவேறிய ஸ்டீல் லைனும் விரிசல் விட்ட ரப்பர் ஹோஸும் அதைத் தாங்காது. அந்தச் செலவையும் கிட் விலையோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும். ட்ரெய்லர் இழுக்காமல், ஸ்டாக் எஞ்சினும் நல்ல வேக்குவமும் உள்ள வண்டி என்றால் இரட்டை டயஃப்ரம் வேக்குவம் பூஸ்டரே போதும், அது பாதி வேலையில் முடியும்.

கோர் டெபாசிட்டுக்காக (பழைய பாகத்தைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் முன்பணத்துக்காக) பழைய ஹைட்ரோபூஸ்ட் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் அக்யுமுலேட்டரைக் கழற்றாமல் அப்படியே கொடுங்கள். உள்ளே அடைத்த வாயு ஆண்டுகள் கழிந்தும் அழுத்தத்தோடு இருக்கும். சூடு காட்டினாலும் பிரித்தாலும் ஆளை அடித்துவிடும்.