ஒரு மோதிரம், இரண்டு நிச்சயதார்த்தங்கள்: ‘பில்லி லையர்’

கீத் வாட்டர்ஹவுஸ் 1959இல் வெளியிட்ட ‘பில்லி லையர்’, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் அமைந்த கற்பனை ஊர் ஒன்றில், ஒரே ஒரு சனிக்கிழமையில் நடந்து முடிகிற நகைச்சுவை நாவல். இறுதிச்சடங்கு நிறுவனம் ஒன்றில் எழுத்தராக இருக்கும் 19 வயது பில்லி ஃபிஷர், ஒரே மோதிரத்தை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களுக்கு நிச்சயதார்த்த வாக்குக் கொடுத்துவிட்டு விழிப்பதும், அஞ்சலில் சேர்க்க வேண்டிய நாட்காட்டிகளைச் சேர்க்காமல், அதற்குரிய பணத்தையும் செலவழித்துவிட்டு, அவற்றை ஒளித்து வைக்க இடமின்றித் தவிப்பதும் வாய்விட்டுச் சிரிக்க வைக்கின்றன.

ஆனால் என்னை ஈர்த்தவை, எந்த ஆதாயமும் தராத அவனுடைய பொய்களே. பிறக்காத சகோதரி ஒருத்தியைப் பற்றி நண்பனின் தாயிடம் அளந்துவிட்டு, அந்தப் பொய்க்குத் தீனி போட்டே அவன் களைத்துப்போகிறான். தலைக்குமேல் வெள்ளம் வரும்போதெல்லாம், தானே ஆளும் அம்ப்ரோசியா என்னும் கனவு நாட்டுக்குள் புகுந்துவிடுகிறான். கதையை அவனே சொல்வதால், பெற்றோரின் எரிச்சலில் ஒளிந்திருக்கும் கவலை அவன் கண்ணில் படாவிட்டாலும் நம் கண்ணில் பட்டுவிடுகிறது.

அவன் வாக்குக் கொடுத்த பெண்களான பார்பராவும் ரீட்டாவும் கேலிச்சித்திரங்களாகவே நின்றுவிடுவது குறைதான். பில்லி உண்மையாகவே விரும்பும் லிஸ் ஒருத்திதான் உயிருள்ள பெண். பில்லி லண்டன் ரயிலுக்காகக் காத்திருக்கும் இறுதிப் பகுதியில் நகைச்சுவை மெல்ல வடிந்துவிடுகிறது. 1963இல் வந்த திரைப்படத்தைப் பார்க்குமுன் இதைப் படித்துவிடுவது நல்லது.